வயலின் ஓரம் யாருடையது?



எங்கள் மூதூர்ப் பகுதியில் தபசுகாலமும் பெரும்போக அறுவடையும் அநேகமாக ஒன்றாகவே வந்து சேருகின்றன. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீடு திரும்பும் குடும்பத் தலைவர், அன்று மாலையே வெட்டுமெசின்காரரைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறார். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் பதினோராம் தலத்துக்கு வந்து சேருகிறவர்களின் சட்டையில் நெல்தூசி ஒட்டியிருக்கும். இதற்காக நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை. முற்றிய நெல் குருவானவருக்காகக் காத்திராது. மழையும் அவரைக் கேட்டுப் பெய்யாது. நானும் வயற்காரன் மகன்தான்.

செபம், உபவாசம், தர்மம் என்று தபசுகாலத்துக்கு மூன்று கடமைகளைத் திருச்சபை சொல்கிறது. முதல் இரண்டையும்பற்றி வேண்டிய அளவு பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். மூன்றாவதைப்பற்றி எனக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாக உண்டு. தர்மம் என்று நாம் கொடுப்பதில் எவ்வளவு உண்மையாகவே தர்மம், எவ்வளவு கொடுபடாமல் கிடந்த கடன்? இதை ஒரு சித்திரத்தை வைத்துக்கொண்டு பேசிப் பார்க்கிறேன். சித்திரம் நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அது அறுவடை முடிந்த வயலைப் பற்றிய சித்திரம்.

சில வாரங்களுக்குமுன் பங்கு மண்டபத்தில் மாதர் சங்கக் கூட்டத்துக்கு இரண்டு படங்களைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினேன். வந்திருந்த தாய்மாரில் பெரும்பாலோர் நாற்பது ஐம்பது வருடமாக வயலில் நின்றவர்கள். இரண்டும் பிரான்சு தேசத்துச் சித்திரங்களின் அச்சுப் பிரதிகள். இரண்டிலும் பொருள் ஒன்றே: கதிர் பொறுக்கும் பெண்கள். முதலாவதை ஜான் பிரான்சுவா மில்லே என்பவர் 1857ஆம் ஆண்டில் தீட்டினார். இரண்டாவது, முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து 1889இல் கமீல் பிசாரோ தீட்டியது. முதலாவது இன்று பரிஸ் நகரத்து ஓர்சே நூதனசாலையிலும், மற்றது சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கலைக்கூடத்திலும் இருக்கின்றன.

மில்லேயை உங்களில் சிலருக்குப் பெயர் தெரியாமலே தெரிந்திருக்கும். மாலை மணியோசை கேட்டு உழவனும் மனைவியும் வயல் நடுவே தலைகுனிந்து மூவேளைச் செபம் சொல்லும் படம் அவருடையதுதான். கத்தோலிக்க வீடுகளின் சுவர்களில் உலகமெங்கும் தொங்கிய படம் அது. நோர்மண்டியில் ஓர் உழவுக் குடும்பத்தில் 1814இல் பிறந்தவர் அவர். சிறுவயதில் ஏர் பிடித்த கை.

அவருடைய கதிர் பொறுக்கும் படத்தில் மூன்று பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்பது தவறு. இருவர் முற்றாகக் குனிந்திருக்கிறார்கள். மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள், நிமிர முதுகு விடவில்லை போலும். குனிந்தவர்களில் ஒருத்தி ஒரு கையை முதுகுக்குப்பின் மடித்து வைத்திருக்கிறாள். தொலைவில் மலைமலையாய்க் குவித்த போர்கள், பாரம் ஏற்றிய வண்டி, வேலையாட்கள். அங்கே மஞ்சள் வெளிச்சம். இங்கே பெண்களின் காலடியில் எண்ணிப் பொறுக்கக்கூடிய சில கதிர்கள்.

குருமடத்து நூலகத்தில் ஒரு பழைய கலைப் புத்தகத்தில் இந்தப் படத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அதன் வர்ணத்தைப்பற்றியும் அமைப்பைப்பற்றியும் இரண்டு பக்கம் குறிப்பெழுதினேன். எங்கள் மண்டபத்தில் ஒரு வயதான அம்மா எழுந்து கிட்டப்போய், கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, வலது பக்கத்து மூலையில் விரலை வைத்தார்.

“பாதர், குதிரையில இருக்கிற இவர் ஆர்? வட்டவிதானையாரோ, காணிக்காரர்ட ஆளோ?”

நான் குனிந்து பார்த்தேன். ஆம், அங்கே ஒரு சின்ன உருவம் குதிரைமேல் இருக்கிறது. அறுவடையை மேற்பார்வை செய்கிறவன். பெருவிரல் நகமளவும் இல்லை. இரண்டு பக்கக் குறிப்பில் நான் அவனைப்பற்றி ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. வயலில் குனிந்து வேலைசெய்தவருக்கு முதலில் கண்ணில் பட்டது அவன்தான்.

அந்த ஆளைப் பார்த்தபோது எனக்கு ஒரு பழைய காலை நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பாவசங்கீர்த்தனம் கேட்கிறவன் சொல்லவும் பழகவேண்டும்.

1990ஆம் ஆண்டு, மாசி மாத அறுவடை. எனக்கு ஒன்பது வயது. அப்பொழுது எங்கள் பக்கத்தில் வெட்டுமெசின் இல்லை. அரிவி வெட்டுக்கு ஆட்கள் தாக்கத்தியோடு வந்து வரிசையாய் நிற்பார்கள். வெட்டிய கதிரை உப்பட்டியாய்ப் போட்டு, கட்டி, சுமந்து, சூடு வைப்பார்கள். உப்பட்டி ஏற்றி முடிந்தபின் வயலில் உதிர்ந்த கதிர்களைப் பொறுக்க ஏழைப் பெண்கள் கடகத்தோடும் சாக்கோடும் வருவார்கள். யாரும் அவர்களை அழைப்பதில்லை, தடுப்பதும் இல்லை. ஆனால் உப்பட்டி கிடக்கும்போதே இறங்கிவிட்டால், பொறுக்குவது எது, உருவுவது எது என்று தெரியாது என்பது காணிக்காரரின் கணக்கு. ஆகவே அப்பா என் கையில் ஒரு கம்பைக் கொடுத்து, “தம்பி, வரம்பில நில். ஒருத்தரையும் இறங்க விடாத” என்று சொன்னார்.

நான் நின்றேன். கம்பு கையிலிருந்தால் ஒன்பது வயதிலும் ஆள் உயர்ந்துவிடுகிறான். பெண்கள் அடுத்த வரம்பில் குந்தியிருந்து காத்தார்கள். ஒருவர் மட்டும், கைக்குழந்தையை மரநிழலில் கிடத்திவிட்டு, மூலையில் மெல்ல இறங்கினார். என் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த பையனின் தாயார் அவர். நான் கத்தினேன். கம்பை ஓங்கினேன். அடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அது என் நன்மையால் அல்ல, அவர் உடனே ஏறிவிட்டார். கையில் இருந்த பத்துப் பன்னிரண்டு கதிரை வரம்பில் வைத்துவிட்டுப் போனார். பின்னேரம் எல்லாப் பெண்களும் இறங்கியபோது அவர் வரவில்லை.

அப்பா அன்றிரவு என்னைப் பாராட்டினார்.

இனி வேதாகமத்துக்கு வருவோம். லேவியர் ஆகமத்தின் 19ஆம் அதிகாரத்தில் இறைவன் மோயீசன் வழியாக உழவர்களுக்கு ஒரு கட்டளை தருகிறார். வயலின் ஓரம்வரை ஒட்ட அறுக்காதே. சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்காதே. அவற்றை எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்பது அதன் பொருள். இணைச் சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி போகிறது: வயலில் ஓர் அரிக்கட்டை மறந்துவிட்டு வந்தாயானால், அதை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியனுக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது. மறதியைக்கூட ஏழைகளின் பங்காக்கிய சட்டம் வேறெங்கேனும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எளியவர்களுக்கு இரங்கி உன் நெல்லில் கொஞ்சம் அள்ளிக் கொடு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அந்த ஓரம் உன்னுடையதே அல்ல என்கிறது. அதை நீ கொடுக்கவும் இல்லை; ஆகவே நன்றி எதிர்பார்க்கவும் உனக்கு உரிமை இல்லை. கைம்பெண் உன் வாசலுக்கு வந்து கையேந்தி நிற்கவேண்டியதில்லை. வயலுக்குப் போய், தன் முதுகை வளைத்து, தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டு போவாள். எடுப்பது உழைப்பு, பிச்சை அல்ல.

ரூத் ஆகமத்தில் இந்தச் சட்டம் உயிரோடு நடமாடுவதைக் காண்கிறோம். ரூத் மோவாபு தேசத்தவள், அந்நியப் பெண், கைம்பெண். மாமியார் நகோமியோடு பஞ்சத்துக்குப்பின் பெத்லேகேமுக்கு வந்தவள். இன்றைய வழக்கில் சொன்னால் இடம்பெயர்ந்து வந்தவள். வாற்கோதுமை அறுவடையில் கதிர் பொறுக்கப் போகிறாள். அது போவாசு என்பவரின் வயல். அவர் தம் வேலையாட்களுக்குச் சொல்வதைக் கவனியுங்கள்: அவளைத் தொடவேண்டாம், அதட்டவேண்டாம், அரிக்கட்டுகளின் நடுவிலும் பொறுக்கட்டும், கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போட்டுவிடுங்கள். எங்கள் அப்பா எதைத் தடுக்க என்னை நிறுத்தினாரோ, அதையே செய்யும்படி போவாசு ஆள் வைக்கிறார்! அந்த வயலில் கதிர் பொறுக்கியவளின் மகன் ஓபேது, அவர் மகன் ஈசாய், அவர் மகன் தாவீது. மத்தேயு எழுதிய தலைமுறை அட்டவணையில் நம் ஆண்டவராகிய யேசுவின் முன்னோரில் அவள் பெயரும் இருக்கிறது. அன்று வரம்பில் ஒரு கம்புப் பையன் நின்றிருந்தால் என்று நான் சிலவேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

கிறிஸ்தவ தேசங்கள் இந்தச் சட்டத்தை எப்படி நடத்தின என்று பார்த்தால் கலப்படமான கதைதான். பிரான்சில் 1554ஆம் ஆண்டின் அரச கட்டளை, முதியோரும் வலுவிழந்தோரும் சிறுவரும் அறுவடைக்குப்பின் கதிர் பொறுக்கலாம் என்று உரிமை கொடுத்தது. இங்கிலாந்திலோ 1788இல் ஒரு வழக்கு வந்தது. சவ்வோக் மாவட்டத்தில் ஒரு காணிக்காரர் தம் வயலில் கதிர் பொறுக்கிய பெண்ணின்மேல் வழக்குத் தொடுத்தார். ஏழைகளுக்கு அப்படி ஓர் உரிமை சட்டத்தில் இல்லை என்று நீதிபதிகளில் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தார்கள். மோயீசனின் சட்டம் இங்கே செல்லாது என்றும் சொன்னார்கள். ஞாயிறு தோறும் கோவிலில் அதே வேதாகமத்தை வாசிக்கக் கேட்டவர்கள்தான் அவர்களும்.

மில்லேயின் படம் 1857இல் பரிஸ் கண்காட்சியில் தொங்கியபோது பெரியோர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. 1848இன் புரட்சி நடந்து ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மூன்று ஏழைப் பெண்களை அவ்வளவு பெரிதாய், கோவில் சுரூபங்களைப்போல முன்னால் நிறுத்தியது அவர்களுக்கு அச்சம் தந்தது. ஒரு பத்திரிகை விமர்சகர் அந்தப் பெண்களின் பின்னால் கலகக்காரரின் ஈட்டிகளும் தூக்குமேடைகளும் தெரிவதாக எழுதினார். படத்தில் ஈட்டி ஒன்றும் இல்லை. கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள், அவ்வளவுதான். மனச்சாட்சி உறுத்தினால் மனிதனுக்கு இல்லாததெல்லாம் தெரியும்.

இப்போது இரண்டாவது படம். இதைத் தீட்டிய பிசாரோவைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் அவர் கதை எங்கள் கதை.

கரிபியன் கடலில் அன்று டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த சென். தோமஸ் தீவில் 1830இல் ஒரு யூத வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். கடை வேலையை விட்டுப் பிரான்சுக்கு வந்து ஓவியரானார். அவருடைய தாயாரின் வீட்டில் சமையலுக்கு உதவியாக நின்ற பெண் யூலி வெலே. பர்கண்டிப் பகுதியின் திராட்சைத் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கப் பெண். அவளையே அவர் வாழ்க்கைத் துணையாக்கிக்கொண்டார். வேலைக்காரி மருமகளாவதைத் தாயார் விரும்பவில்லை. பிள்ளைகள் எட்டு. படங்கள் விலைபோகாத காலங்களில் யூலி காய்கறி பயிரிட்டும் முயலும் கோழியும் வளர்த்தும் குடும்பத்தைக் காத்தாள். பிசாரோ தீட்டிய உழவுப் பெண்களில் பொய்ச் சிங்காரம் இல்லாததற்குக் காரணம், அவர் சாப்பிட்ட கறியே அப்படிப்பட்ட ஒரு கையால் விளைந்தது என்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1870இல் பிரான்சுக்கும் புருசியாவுக்கும் போர் மூண்டது. பிசாரோ குடும்பம் லூவ்சியன் என்ற கிராமத்து வீட்டை விட்டுவிட்டு, எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு ஓடி, கடைசியில் லண்டன் போய்ச் சேர்ந்தது. புருசியப் படையினர் அந்த வீட்டில் தங்கினார்கள். இருபது ஆண்டுகளாய் அவர் தீட்டிய படங்கள் அங்கே அடுக்கிக் கிடந்தன. சுமார் 1500 என்பர். தோட்டத்துச் சேற்றில் சப்பாத்து அழுக்காகாமல் நடக்க, அந்தக் கித்தான்களைத் தரையில் விரித்தார்கள். 1871இல் அவர் திரும்பி வந்தபோது மிஞ்சியவை நாற்பதளவே.

வாசகர்களே, இதை நான் மண்டபத்தில் சொன்னபோது யாரும் பேசவில்லை. திரும்பி வந்து வீட்டுவாசலில் நின்று பார்ப்பது எப்படி என்று மூதூர் மக்களுக்கு யாரும் படம் காட்டவேண்டியதில்லை. 1990இல் ஒருமுறை, 2004 மார்கழியில் கடல் வந்தபோது ஒருமுறை, 2006இல் இன்னொருமுறை. அந்த ஆண்டு சித்திரையில் சம்பூரை விட்டுப்போன குடும்பங்கள் தங்கள் காணியில் மீண்டும் கால்வைக்க 2015உம் 2016உம் ஆயின. வேலி இருந்த இடம் தெரியாமல், தென்னையின் அடிக்கட்டையை வைத்து இதுதான் எங்கள் வளவு என்று மதித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள்.

திரும்பி வந்த பிசாரோ என்ன செய்தார்? மறுபடி வயலுக்குப் போனார். 1874இல் அவரும் மொனே, தெகா, ரெனுவா முதலிய நண்பர்களும் அரச கண்காட்சியைச் சாராமல் தாங்களே பரிசில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் கேலியாக வைத்த பெயரே இன்று அந்தக் கூட்டத்துக்கு நிலைத்துவிட்டது: இம்பிரெஷனிஸ்டுகள், அதாவது கண்ணில் பட்டகணத்து வெளிச்சத்தை அப்படியே தீட்டுகிறவர்கள். அந்தக் கண்காட்சியில் பிசாரோவின் படமொன்றில் உறைபனி மூடிய உழவுசால்களினூடாக ஒரு கிழவன் விறகுக்கட்டுச் சுமந்து நடந்தான். தட்டில் மிஞ்சிய வர்ணத்தைச் சுரண்டி அழுக்குக் கித்தானில் பூசியிருக்கிறார் என்று அதே பத்திரிகைக்காரர் நையாண்டி செய்தார். 1874க்கும் 1886க்கும் இடையில் அந்தக் கூட்டத்தார் எட்டுக் கண்காட்சிகள் வைத்தார்கள். எட்டிலும் தவறாமல் பங்குகொண்டவர் பிசாரோ ஒருவரே.

1884இல் அவர் எரான்யி என்ற சிற்றூருக்குக் குடிபோனார். கதிர் பொறுக்கும் படம் அங்கே வாழ்ந்த காலத்தது. அப்பொழுது அவர் ஒரு புது முறையைக் கையாண்டார்: தூரிகையால் இழுக்காமல், சின்னச் சின்னப் புள்ளிகளாய் வர்ணத்தை வைத்து நிரப்புவது. ஒரு படத்துக்கு மாதக்கணக்காகும். நெல்மணி பொறுக்குவதைப்போன்ற வேலை. அதனாலோ என்னவோ, கதிர் பொறுக்கும் பெண்களைத் தீட்ட அதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. சில ஆண்டுகளில் அந்த முறையை அவர் கைவிட்டார். கையும் பொறுமையும் தாங்கவில்லை.

மண்டபத்தில் இந்தப் படத்தைப் பார்த்து ஒரு தாயார் சொன்னது: “மற்றதில முதுகு நோ தெரியுது. இதில வெயில் தெரியுது.” இம்பிரெஷனிசத்தைப்பற்றி நான் வாசித்த புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமாய் யாரும் சொல்லவில்லை.

பிசாரோ கோவிலுக்குப் போகிறவர் அல்லர். கடவுள் நம்பிக்கையை விட்டவர். அரசும் வேண்டாம், சமயமும் வேண்டாம் என்ற கொள்கையினர். ஆட்கள் அவரை மில்லேயோடு ஒப்பிட்டபோது, மில்லே அல்லவா வேதாகமக்காரர், யூதனாகிய நான் அப்படி இல்லையே, வேடிக்கைதான் என்ற கருத்தில் 1882இல் நண்பருக்கு எழுதினார். ஆனாலும் மோயீசனின் சட்டம் யாருக்காக ஓரத்தை ஒதுக்கியதோ, அவர்களைத்தான் அவரும் போய்த் தீட்டினார். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது. ஆலயத்துக்குள் நிற்கும் நாங்கள் வரம்பில் கம்போடு நிற்க, வெளியே போன ஒருவர் தாள்கட்டைக்குள் இறங்கிக் குனிந்திருக்கிறார்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக் கதை என்று சொல்லாதீர்கள். எங்கள் வயற்காட்சியை ஐரோப்பாவுக்குப் படத்தோடு காட்டியவரும் மூதூர் வழியாகத்தான் போனார். 1660இல் கொட்டியாரக் குடாவில் கப்பலோடு வந்து, கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட றொபேட் நொக்சைச் சொல்கிறேன். புளியமரத்தின்கீழ்ப் பிடித்தார்கள் என்று எங்கள் ஊரார் சொல்வார்கள். பத்தொன்பது ஆண்டு சிறையிருந்து தப்பிப்போய், 1681இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலில் உழுவதும் சூடு மிதிப்பதும் படங்களாய் இருக்கின்றன. அறுக்கிறவர்களுக்குப் பின்னால் போய்க் கதிரைச் சேர்த்துச் சுமப்பது பெண்களின் வேலை என்று அவர் அதில் குறித்திருக்கிறார். மலைநாட்டில் அவர் கண்டது அது. ஆனால் அறுக்கிறவனுக்குப் பின்னால் குனிந்து நடப்பவள் எங்கேயும் பெண்தான்.

இனி இன்றைய வயலுக்கு வருவோம். இன்று தாக்கத்தி இல்லை, உப்பட்டி இல்லை. வெட்டுமெசின் காலையில் இறங்கினால் பல ஏக்கரையும் வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. நான் அதைப் பழிக்கவில்லை. ஆள் கிடைக்காத காலத்தில், மழைக்கு முன் நெல்லை மீட்பது அதுதான். ஆனால் மெசினோடு இரண்டு பங்குகள் சத்தமில்லாமல் போயின. அரிவி வெட்டின கூலி போயிற்று; கதிர் பொறுக்கும் பங்கும் போயிற்று. வயலின் ஓரம் எங்கே என்று மெசினுக்குத் தெரியாது. அதற்குச் சொல்லவேண்டியவர் காணிக்காரர்.

ஆகவே தபசுகால உண்டியலைப்பற்றி நான் இம்முறை பேசப்போவதில்லை. அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கின்றன. உங்கள் வயலில் நாற்று நட்டவர்களும் களை பிடுங்கியவர்களும் பெரும்பாலும் பெண்கள். ஒரே வரம்பில், ஒரே வெயிலில், ஒரே நேரம் நின்ற ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்குக் குறைந்த கூலியும் ஏன்? அது ஊர்வழக்கம் என்கிறீர்கள். ஊர்வழக்கம் குதிரைமேல் இருந்து பார்க்கிறவருக்கு வழக்கம். குனிந்திருப்பவருக்கு அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நெல். நெல் விற்றபின் தருகிறேன் என்று நிறுத்திவைத்த கூலி இன்னும் யாருக்காவது கொடுக்க இருக்கிறதா? அதைக் கொடுக்காமல் உண்டியலில் போடும் காசு யாருடைய காசு?

கோவிலுக்குக் காணி இருக்கும் பங்குகளில் இந்தக் கேள்வி முதலில் அறைவீட்டுக் கதவைத் தட்டவேண்டும். அதை நான் மறக்கவில்லை.

புனித அம்புரோசியார் பதினாறு நூற்றாண்டுகளுக்குமுன் செல்வந்தர்களுக்குச் சொன்ன கருத்தை, ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் 1967இல் வெளியிட்ட மக்களின் முன்னேற்றம் என்னும் திருமடலில் எடுத்து வைத்தார்: ஏழைக்கு நீ தருவது உன் உடைமையிலிருந்து அல்ல, அவனுடையதை அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறாய். இது பொதுவுடைமைக் கட்சியின் பிரசங்கம் அல்ல, ஆயர் ஒருவரின் பிரசங்கம். சிலர் திருப்பலி முடிந்து வெளியே என்னிடம் அப்படிக் கேட்டதுண்டு; அதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் அயலாரைப் பாருங்கள். முஸ்லிம் சகோதரர்களுக்கு விளைச்சலில் ஸக்காத் கணக்கு உண்டு: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, நீர் இறைத்துச் செலவு செய்து விளைவித்தால் இருபதில் ஒன்று. அதை அவர்கள் தர்மம் என்று சொல்வதில்லை, கடமை என்கிறார்கள். இந்து மக்கள் தைப்பூசத்தில் புதிர் எடுத்து, புதுநெல்லின் முதற்சோற்றைச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள். நாங்களும் புதுநெல்லைப் பீடத்தண்டை கொண்டுவருகிறோம். பீடத்திலிருந்து அது எங்கே போகிறது?

நீங்களும் எகிப்தில் அடிமைகளாய் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள் என்ற காரணத்தையே அந்தக் கதிர்ச் சட்டத்துக்கு மோயீசன் சொல்கிறார். எங்களுக்கு எகிப்து அவ்வளவு தூரம் இல்லை. நான் வரம்பில் கம்போடு நின்றது மாசியில். ஆனியில் சண்டை மூண்டது. சூடு அடித்து வீட்டில் கட்டிவைத்த நெல் மூடைகள் வீட்டோடு போயின. நாங்கள் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் போய் விழுந்தோம். கஞ்சி கொடுக்கும் வரிசையில் என் அம்மா ஓர் அலுமினியச் சட்டியோடு நின்றார். அவருக்கு இரண்டு பேர் முன்னால், கைக்குழந்தையோடு, என் வகுப்புப் பையனின் தாயார் நின்றார். திரும்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அம்மாவிடம், “பிள்ளை குடிச்சிட்டானோ அக்கா?” என்று கேட்டார்.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் அன்றைக்கும் பிறகும் அதைப்பற்றி ஒன்றும் பேசியதில்லை. ஆனால் ஊர் திரும்பி, பல வருடங்களுக்குப்பின் மறுபடி வயல் செய்தபோது, வரம்பில் காவல் வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சென்ற வாரம் மோட்டார் சைக்கிளில் வரும்போது தார்றோட்டு ஓரத்தில் நெல் காயவைத்திருந்தது. மூதூர் முஸ்லிம் பெரியவர் ஒருவர் தம் மகனோடு நெல்லைக் கூட்டிச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி ஒரு தாய் ஈர்க்குமாறும் சுளகும் வைத்துக்கொண்டு மதகில் குந்தியிருந்தார். இன்றைக்குக் கதிர் பொறுக்குவது இப்படித்தான். சாக்குகள் போனபின் தாரில் ஒட்டிக்கிடப்பதைக் கூட்டி அள்ளுவது. சாக்குகள் கட்டியாயிற்று. கடைசியில் ஒரு பாய் அகலத்துக்கு நெல் அப்படியே கிடந்தது. மகன் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு அங்கே போனான். பெரியவர் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதைக் கண்டு, நெல்லை மறந்துவிட்டார்கள் என்று சொல்லவருகிறேன் என எண்ணினார் போலும். கையை அசைத்து, “அது அவவுட, பாதர்” என்றார். மகன் சாக்குகளை லான்ட்மாஸ்டரில் ஏற்றத் தொடங்கினான். அந்தத் தாய் மதகைவிட்டு எழும்பி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்தார்.